மறு: பழைய அக்ரிலிக் ஓவியம் தறியில் மங்கிப்போகிறது

வணக்கம். பழைய அரூப ஓவியத்தை அப்படியே படம் எடுத்து நெய்யக் கொடுத்தீர்கள், மாதிரித் துணியில் எல்லாம் மங்கிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். நெசவாளர்மேல் தவறில்லை. கித்தானில் தடிப்பாக நிற்கும் வண்ணம் ஓரத்தில் வெளிச்சத்தைப் பிடிக்கும். துணியில் அந்த மேடு கிடையாது. அதோடு நீங்கள் சொன்ன கறுப்புப் பாவின் (தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்) மேல் மஞ்சள் ஊடை (குறுக்கே ஓடும் நூல்) ஓடினால், தள்ளி நின்று பார்க்கும் கண்ணுக்குப் பாசி நிறம்தான் தெரியும்.

ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் செய்ததைப் பாருங்கள். 1990-இல் வரைந்த, 724-4 என்று எண்ணிட்ட அரூப ஓவியத்திலிருந்து 2009-இல் நான்கு டேப்பஸ்ட்ரிகளை (சுவரில் தொங்கவிடும் சித்திர நெசவுத் துணிகளை) நெய்யவைத்தார். எதுவும் முழுப் படத்தின் நகல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கால்பகுதியை மட்டும் எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பித் திருப்பி நான்கு முறை சேர்த்தார். மூலத்தில் தற்செயலாக இழுபட்ட தடம், துணியில் நடுக்கோட்டின் இருபுறமும் சிறகுபோல விரிகிறது. எனக்கு மூலத்தைவிட இதுதான் பிடிக்கும். அப்புறம் 2011-இல் அதே ஓவியத்தைக் கணினியில் பாதி பாதியாக 4096 கீற்றுகள் வரை பிரித்து, கிடைக்கோடுகளாகவே அச்சிட்டார்.

உங்கள் படத்தில் இடது ஓரத்துச் சிவப்புக் கீறல் இருக்கிறதே, அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் எடுங்கள். பாவு நூலை வெளிர் சாம்பலுக்கு மாற்றச் சொல்லி, கையகலத் துண்டு நெய்து பாருங்கள். வந்ததும் இங்கே படம் போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.