கட்டிலுக்கு அடியில போன பொம்மை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்க குடியிருப்புல பெரியவங்களுக்குள்ள எப்பவும் தகராறு, வண்டி நிறுத்துற இடத்துல ஆரம்பிச்சு கைகலப்பு வரைக்கும் போயிடுது. இப்ப பசங்களும் அதே மாதிரி அடிச்சுக்கிறாங்க, போன வாரம் ஒருத்தன் கல்லெறிஞ்சு இன்னொருத்தனுக்கு நெத்தி கிழிஞ்சுடுச்சு. பசங்களுக்கு சமாதானக் கல்வின்னு வாரம் ஒரு கிளாஸ் எடுக்கலாம்னு இருக்கோம். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: நல்ல மனசு தம்பி உங்களுக்கு, ஆனா அந்த கிளாஸ்ல முதல்ல உக்கார வேண்டியது பசங்க இல்ல, நாமதான். ஒரு தடவை சின்னப் பசங்க அப்பா அம்மா விளையாட்டு விளையாடுறத பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருந்தேன். அப்பாவா நடிச்ச பையன் "நான் வந்துட்டேன்"னு கத்திட்டு கதவ உதைக்கிற மாதிரி கால தூக்கினான், அவ்ளோதான், அம்மாவா நடிச்ச பாப்பா ஒரு வார்த்தை பேசல, கையில இருந்த பொம்மைய சட்டுனு கட்டிலுக்கு அடியில தள்ளிவிட்டுட்டா. அஞ்சு வயசுதான் இருக்கும். அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. அந்தக் குழந்தைய கூப்பிட்டு வச்சு சண்டை போடக்கூடாதுன்னு பாடம் எடுத்து என்ன ஆகப்போகுது சொல்லுங்க.

அதனால பெரியவங்கள கூப்பிடுங்க, லெக்சர் வேண்டாம். பத்து பேர் வட்டமா உக்காந்து ஒரே கேள்வி, சின்ன வயசுல அடி வாங்கினப்ப மனசுக்குள்ள என்ன தோணுச்சு? முதல்ல சிரிப்பாங்க, அடி வாங்கினதாலதான் உருப்பட்டேன்னு ஒருத்தர் சொல்வார், வாதம் பண்ணாம கேட்டுட்டே இருங்க, கொஞ்ச நேரத்துல யாராவது ஒருத்தர் குரல் கம்மும், அதுக்கப்புறம் பேச்சு தன்னால வேற மாதிரி போகும். அடுத்த வாரம் பேசுற முறைய பழகுங்க: "நீ எப்பவுமே இப்படித்தான்"னு ஆரம்பிக்காம "வண்டிய இங்க வச்சா என்னோடத எடுக்க முடியல"ன்னு சொல்றது. சின்ன விஷயம்தான், ஆனா கை ஓங்குறது பெரும்பாலும் அந்த முதல் வரியிலதான் ஆரம்பிக்குது.

இன்னொண்ணு, நாம சண்டைய எல்லார் முன்னாடியும் போடுறோம், சமாதானம் மட்டும் கதவ சாத்திக்கிட்டு ஆகுறோம். பசங்க பாக்குறது பாதிக் கதைதான். மன்னிப்பு கேக்குறதையும் அவங்க கண்ணு முன்னாடியே கேளுங்க.

கல்லெறிஞ்ச பையன கூட்டத்துல நிறுத்தி சாரி சொல்ல வைக்காதீங்க, அவமானம் அடுத்த கல்லாத்தான் வரும். அடிபட்டவனுக்கு சம்மதம்னா மட்டும் ரெண்டு பேரையும் உக்கார வச்சு என்ன நடந்துச்சு, எதை சரி பண்ணலாம்னு கேளுங்க.

எல்லாரும் சேந்தா மாறுமான்னா, மாறும். உகாண்டாவுல லுவேரோ மாவட்டத்துல 42 ஆரம்பப் பள்ளிக்கூடங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2015ல முடிவு வந்துச்சு. டீச்சருங்க, பசங்க, ஊர்க்காரங்க எல்லாரையும் சேத்து அடி இல்லாத பள்ளிக்கூடமா மாத்த ஒண்ணரை வருஷம் வேலை செஞ்ச பள்ளிகள்ல, பசங்க ஊழியர்கள்கிட்ட அடி வாங்குற வாய்ப்பு 42 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு.

கேள்வி: அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு பெரியவங்க சொன்னது பொய்யா அக்கா?

பதில்: பொய்தான்மா. அடிச்சா அந்த நேரத்துக்கு குழந்தை அடங்கும், பயந்துட்டுதான் அடங்கும். 1979லயே ஸ்வீடன் பெத்தவங்க கூட குழந்தைய அடிக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு, உலகத்துலயே முதல் நாடு. சட்டம் போட்டதோட விடல, காலையில வீட்டுல எல்லாரும் கையில எடுக்குற பால் பாக்கெட் மேலயே அச்சடிச்சு அனுப்பினாங்க.

கேள்வி: எதிர் வீட்டுக் குழந்தை கையில அடிக்கடி சூட்டுத் தழும்பு. கேட்டா அது அவங்க வீட்டு விஷயம்ங்கிறாங்க. பெரியவங்கள வச்சு பேசி முடிக்கலாமா?

பதில்: கூடாது. சமாதானம் பேசுறது சமபலம் உள்ளவங்களுக்கு, சூடு வாங்குற குழந்தைக்கு இல்ல. நீங்க போய் பேசினா அந்தக் கோபமும் குழந்தை மேலதான் இறங்கும். 1989ல ஐநா நிறைவேத்தின குழந்தைகள் உரிமை உடன்படிக்கையோட 19வது பிரிவு, பெத்தவங்க கையில இருந்தாலும் குழந்தைய வன்முறையிலிருந்து காப்பாத்துறது அரசாங்கத்தோட கடமைன்னு சொல்லுது, அதனால வீட்டு விஷயம்ங்கிற பேச்சே இல்ல. குழந்தைகள் உதவி எண்ணுக்கு கூப்பிட்டு பாத்தத பாத்தபடி சொல்லுங்க. குழந்தைய துருவித் துருவி கேக்காதீங்க, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியமும் பண்ணாதீங்க. அதுவா வந்து சொன்னா, "சொன்னது நல்லது கண்ணு, தப்பு உன் மேல இல்ல"ன்னு மட்டும் சொல்லுங்க. இத படிச்சு முடிச்ச கையோட போன எடுங்க.