காட்மியம் வேண்டாம், நாவல்பழம் போதும்

கேள்வி: 10ஆம் வகுப்பு படிக்கும் என் மகள் எஸ்கொம் இளம் விஞ்ஞானிகள் எக்ஸ்போ என்ற பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நானோ சோலார் செல் செய்ய ஆசைப்படுகிறாள். அதற்குக் காட்மியம் செலினைடு குவாண்டம் டாட் (ஒளியை உறிஞ்சும் மிக நுண்ணிய துகள்) வாங்கலாமா? நஞ்சில்லாத வழி உண்டா?
– ஒரு தாய், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: காட்மியத்தை வீட்டுக்குள் விடவே வேண்டாம். சிறுநீரகத்தில் போய்த் தங்கிவிடும், புற்றுநோயும் வரலாம். டைட்டானியம் டையாக்சைடு நானோ தூளும் பழச்சாயமும் போதும். 1991இல் ஓ'ரீகன், கிராட்செல் என்ற விஞ்ஞானிகள் வெளியிட்ட, சாயத்தால் ஒளியைப் பிடிக்கும் சோலார் செல்லின் எளிய வடிவம் இது.

ஒரு பக்கம் மின்சாரம் கடத்தும் பூச்சு (ஃப்ளூரின் கலந்த டின் ஆக்சைடு) உள்ள எஃப்டிஓ கண்ணாடி இரண்டு வாங்குங்கள். ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு பூசியது) வேண்டாம், சூட்டில் அதன் மின்தடை ஏறிவிடும். பூச்சு எந்தப் பக்கம் என்று மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

6 கிராம் தூளைக் கல்வத்தில் போட்டு, பிஎச் 3–4 வரும்படி நீர்த்த வினிகரை ஒவ்வொரு மில்லியாக, மொத்தம் 9 மில்லி விட்டு அரைக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் கட்டி தட்டும். கடைசியில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. கண்ணாடியின் ஓரங்களில் டேப் ஒட்டி, பூச்சுப் பக்கத்தில் கண்ணாடிக் குச்சியால் ஒரே இழுப்பில் தடவுங்கள். தடிமன் கூடினால் காய்ந்ததும் வெடித்து உரியும்.

பலருக்கும் சறுக்குவது சுடும்போதுதான். 450 டிகிரியில் அரை மணி நேரம் வேண்டும்; வீட்டு ஓவனில் அந்தச் சூடு வராது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாததால் படலம் பழச்சாற்றிலேயே உதிர்ந்து போகும். பள்ளியில் மண்பாண்டச் சூளை இருந்தால் கேளுங்கள். படலம் பழுப்பாகி மீண்டும் வெளுக்கும், அதுதான் பதம். சூளைக்குள்ளேயே ஆறட்டும், அவசரப்பட்டால் கண்ணாடி விரிசல் விடும்.

டர்பனில் தானாக முளைத்துக் கிடக்கும் நாவல் மரத்தின் பழமே நல்ல சாயம். பிழிந்த சாற்றில் 10 நிமிடம் ஊறவிடுங்கள். வெள்ளை தெரிந்தால் இன்னும் ஊறட்டும். பிறகு தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் அலசி உலர்த்துங்கள். மற்ற கண்ணாடியின் பூச்சுப் பக்கத்தில் பென்சில் கிராஃபைட்டைத் தேய்த்து, பூச்சுப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, ஓரங்கள் வெளியே நீட்டும்படி சற்றே தள்ளி வைத்து கிளிப் போடுங்கள். இடுக்கில் விடும் கரைசல்: 10 மில்லி எத்திலீன் கிளைக்காலில் 0.83 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 0.13 கிராம் அயோடின். இனிப்பாக இருக்கும் கிளைக்கால் விஷம். சிறுவர்களும் நாயும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

டைட்டானியம் டையாக்சைடு தூளும் முற்றிலும் தீங்கற்றதல்ல. மூச்சில் போனால் புற்றுநோய் வர வாய்ப்புண்டு என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2பி பிரிவில் வைத்திருக்கிறது. ஈரமாகும்வரை நுண்தூசியைத் தடுக்கும் எஃப்எஃப்பி2 மாஸ்க் அவசியம். சிந்தினால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

0.3 முதல் 0.45 வோல்ட் வரை எதிர்பாருங்கள். செல்லை வடக்குப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். வட அரைக்கோள நாடுகளின் குறிப்புகளில் உள்ள 'தெற்கு' நமக்குப் பொருந்தாது.