வெறும் 54 குதிரைத்திறன் கொண்ட எம்.ஜி. டி.சி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் அமெரிக்கர்கள் எப்படிப் பந்தயம் ஓட்டினார்கள்?

எண்ணைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். 1,250 சிசி எஞ்சின், மரச்சட்டத்தின் மேல் தகரம், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். முழு மூச்சாக மிதித்தாலும் மணிக்கு சுமார் 120 கி.மீ. தான். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் விற்ற கார்களோ பெருத்த உடம்பும் மெத்தை போன்ற இருக்கைகளும் கொண்டவை. நேர்சாலையில் சுகம், வளைவில் கப்பல். டி.சி. எடை குறைந்தது, ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். அலுவலகத்துக்கு ஓட்டிப்போன அதே காரின் முன்கண்ணாடியை மடக்கிவிட்டு, ஞாயிறன்று பந்தயத்தில் இறங்கலாம். 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 10,000 கார்கள் தயாராயின. அமெரிக்காவுக்குப் போனவை சுமார் 2,000 மட்டுமே. அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம்தான் வழக்கம்; இவையோ வலப்பக்க ஸ்டீயரிங்குடன்!

அப்படி ஒரு டி.சி. வைத்திருந்தவர்தான் சட்ட மாணவர் கேமரன் ஆர்கெட்சிங்கர். அவர் முயற்சியால் 1948 அக்டோபர் 2 அன்று நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென்னில் ஊர்ச்சாலைகளிலேயே பந்தயம் நடந்தது. ஒரு சுற்று 10.6 கி.மீ.; நடுவே மண்சாலை, ரயில் கடவை வேறு. பந்தயத்துக்காக ரயிலை நிறுத்திவைத்தார்கள் என்றால் பாருங்கள். வென்றது, எதிர்பார்த்தபடியே, ஆல்ஃபா ரோமியோ என்ற இத்தாலியக் கார்.

1952இல் அங்கே வேடிக்கை பார்த்த சிறுவன் ஒருவன் கார் மோதி இறந்தான். அதோடு ஊர் நடுவே ஓட்டுவது நின்றது. அமெரிக்காவின் சாலைப் பந்தயங்கள் விமானத் தளங்களுக்கும், பிறகு தனித் தடங்களுக்கும் நகர்ந்தன.