"முழு செட்"னு சொன்னாங்க, மூணாவது பாகத்த காணோம்!

கேள்வி: அக்கா, நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து எழுதுறேன். கடற்கன்னி, சூனியக்காரி, சாபம், காதல் எல்லாம் கலந்த இங்கிலீஷ் ரொமான்ஸ்னா எனக்கு உயிர். பேஸ்புக் பேஜ் ஒன்னுல "3 பாகம், முழு செட், ஒரிஜினல்"னு போட்டிருந்தாங்க, கேஷ் ஒன் டெலிவரில எடுத்தேன். பிரிச்சா எழுத்தெல்லாம் மங்கல், ரெண்டாவதுல நடுவுல பக்கம் இல்ல, மூணாவது புக்கே இல்ல. கேட்டா "வித்தது வித்ததுதான்"ங்கிறாங்க. காசு திரும்பக் கெடைக்குமா?

பதில்: தங்கச்சி, அப்படி சொல்லிட்டு அவங்க ஈஸியா தப்பிக்க ஏலாது. ஒரிஜினல், முழு செட்னு சொல்லி வேற எதையோ அனுப்புறது பாவனையாளர ஏமாத்துறது, 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை சட்டத்துல அதுக்கு எடம் இருக்கு. மொதல்ல அந்த போஸ்ட்டயும் மெசேஜ்ல பேசுனதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துருங்க, நீங்க சண்டை புடிக்க ஆரம்பிச்சதும் அவங்க அழிச்சிட்டு உங்கள புளொக் பண்ணிருவாங்க. பார்சல் உறைய குப்பையில போடாதீங்க, அனுப்புனவங்க பேரும் நம்பரும் அதுலதான் இருக்கும். பக்கம் விட்டுப்போன எடத்த போட்டோ எடுங்க. அப்புறம் அந்த அதிகாரசபையோட 1977ங்கிற நம்பருக்கு கோல் எடுத்து வெவரம் கேட்டுக்கிட்டு முறைப்பாட்ட எழுத்துல குடுங்க, தமிழ்லயே எழுதலாம், ஆனா வாங்கி மூணு மாசம் தாண்ட விடாதீங்க.

மங்கல் எழுத்துன்னா அது பெரும்பாலும் களவா அடிச்ச கொப்பிதான். பின் அட்டையில 978னு தொடங்குற ISBN நம்பர் (ஒவ்வொரு புக்குக்கும் இருக்கிற அடையாள நம்பர்) இருக்கேன்னு நம்பிராதீங்க, அட்டையவே கொப்பி அடிக்கிறவனுக்கு நம்பர் பெரிய விசயமா? அந்த நம்பர நெட்ல போட்டு உண்மையில எத்தன பக்கம்னு பாருங்க, அடுத்த தடவ காசு கட்ட முந்தியே கடைசிப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க. இன்னொன்னு, இந்த வகை கதைங்க நெறைய தொடரா வருது, கடற்கன்னி கரைக்கு வர்ற நேரம் பாத்து புக்க முடிச்சிருவாங்க. மூணாவது பாகம் வெளிவந்திருச்சான்னே தேடிப் பாருங்க, எழுத்தாளர் இன்னும் எழுதலன்னா அந்த பேஜ்காரங்க எந்த செட்ட முழு செட்னு வித்தாங்களாம்?

கேள்வி: தலவாக்கலையில இருந்து ஒரு அம்மா. மகளுக்கு 13 வயசு, கடற்கன்னியும் சூனியக்காரியும் இருக்கிற லவ் ஸ்டோரி ஒன்னு கேக்குறா. அட்டையில அழகா கார்ட்டூன் படம், வாங்கிக் குடுக்கலாமா?

பதில்: அட்டைய வச்சு முடிவு எடுக்காதீங்கம்மா. இப்ப பெரியவங்களுக்கான ரொமான்ஸுக்கும் கார்ட்டூன் அட்டைதான் போடுறாங்க, உள்ள படுக்கையறை சீன் பச்சையா இருக்கும். "யங் அடல்ட்"னு (பதின்ம வயசுக்காரங்களுக்கான புக்னு அர்த்தம்) போட்டிருக்கா, எத்தன வயசுக்குன்னு பாருங்க, அதுவும் போதாது, கிண்டில் (அமேசானோட ஈ-புக் கடை) மாதிரி எடங்கள்ல ஆரம்பப் பக்கங்கள சும்மா வாசிக்கலாம், வாசகர் விமர்சனத்துலயும் எந்தளவு சூடுன்னு எழுதியிருப்பாங்க. செலவே வேணாம்னா ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் 1837ல எழுதுன குட்டிக் கடற்கன்னி கதை இருக்கு, பழைய இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு நெட்ல இலவசம், குரல வாங்கிக்கிட்டு கால் குடுக்கிற கடல் சூனியக்காரி அதுலதான் வர்றா. ஆனா அதுல இளவரசன் வேற பொண்ண கட்டிக்கிறான், கடற்கன்னி நுரையாப் போறா, டிஸ்னி சினிமாவ பாத்துட்டு கல்யாணத்த எதிர்பாக்குற புள்ளைன்னா முந்தியே சொல்லிட்டு குடுங்க.