ரோட்டை அகலமாக்கினால் ஊட்டி நெரிசல் தீருமா?

கேள்வி: சீசனில் குன்னூரிலிருந்து ஊட்டி போய்ச்சேர இரண்டரை மணி நேரம் ஆகிறது. போன மாதம் அம்மாவை ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகையில் கேத்திக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு தவித்துப்போனோம். நாலு வழிச்சாலை போட்டால் தீர்ந்துவிடாதா? சிலர் ஏன் எதிர்க்கிறார்கள்?
- ஒரு வாசகி, அருவங்காடு

பதில்: எதிர்ப்பவர்களில் நானும் ஒருவன். அம்மா பட்ட பாட்டைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ரோடு அகலமாகிவிட்டது என்று தெரிந்தாலே போதும், கூட்டத்துக்குப் பயந்து இத்தனை நாள் வராமலிருந்தவர்களும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவர்களும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையைச் சில இடங்களில் 26 வழி வரைக்கும் விரித்தார்கள், 2008-ல் வேலை முடிந்தது, சில வருஷத்திலேயே நெரிசல் நேரப் பயணம் மறுபடியும் நீள ஆரம்பித்துவிட்டது. அது சமவெளி. இங்கே மேலே வந்த கார் அத்தனையும் ஊட்டி ஊருக்குள் சேரிங்கிராஸ் சந்திப்பில் எங்கே போய் நிற்கும்?

அப்புறம், மலை ரோட்டை அகலமாக்குவதென்றால் பெரும்பாலும் சரிவின் அடியை வெட்ட வேண்டிவரும். தாங்கி நின்ற மண் போய்விட்டால், மழையில் ஊறிய மேல்மண் மொத்தமாக இறங்கும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்களே, மறக்க முடியுமா? பூமி சூடாகச் சூடாக ஒரே நாளில் கொட்டுகிற மழை கூடுகிறது. அந்தச் சூட்டுக்குக் காரணமான புகையைக் கூட்டுவதற்கே மலையை வெட்டுவது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை.

சரி, வேறென்ன செய்வது? ஒரு பஸ்ஸில் 50 பேர் வருகிறார்கள், அதே 50 பேர் காருக்கு நாலு பேராக வந்தால் 13 கார். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல், மலைக்கு வருகிற வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டிய இ-பாஸ் வந்தது, 2025 சீசனில் வெளியூர் வண்டிகளுக்கு நாளுக்கு 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். அதை வரவேற்கிறேன், ஆனால் காரை நிறுத்தச் சொன்னால் ஏறிப்போக பஸ் இருக்க வேண்டுமே. கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் இருக்கிறது, அது வந்து நின்றதும் புறப்படுகிற மாதிரி பஸ், இரண்டுக்கும் ஒரே டிக்கெட், காரில் வருபவர்கள் வண்டியை விட்டுவிட்டு ஏற அங்கேயே பெரிய பார்க்கிங். ஆனால் மேட்டுப்பாளையம் கோவை மாவட்டம், மலை நீலகிரி மாவட்டம், பஸ் மாநிலத்திடம், ரயில் மத்திய அரசிடம். இவர்கள் எல்லாரும் உட்கார்ந்து ஒரே திட்டமாகப் போட வேண்டும், நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

உங்கள் ஊர் ஸ்டேஷனையும் விட்டுவிடக் கூடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி 1908-லேயே ஊட்டி வரைக்கும் வந்துவிட்ட மலை ரயில் அது. செங்குத்தான ஏற்றத்துக்காகப் பல் வைத்த தண்டவாளம் போட்ட பல்சக்கரப் பாதை கல்லாறு முதல் குன்னூர் வரைதான், அதற்கு மேல் டீசல் இன்ஜினே இழுக்கிறது. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஸ்டேஷன் எல்லாம் ஜனங்கள் இருக்கிற இடத்தில்தான் இருக்கின்றன. பள்ளிக்கூட நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் கூடுதலாக நாலு நடை விட்டால் உள்ளூர்க்காரர்களில் எத்தனையோ பேருக்கு ரோடே தேவைப்படாது.

இப்படிக் கார்கள் குறைந்தால், அம்மாவின் வண்டிக்கு இப்போதிருக்கிற ரோடே போதும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பதாக இருந்தால், பஸ்ஸையும் ரயில் நேரத்தையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.