கோவளம் டைவ் படகில் வழிகாட்டி இல்லாமல் இருவர்: வாசகர் கேள்விகள்

நானும் மைத்துனரும் டைவிங் சான்றிதழ் வாங்கியவர்கள். பத்துப் பேர் போகும் படகில் நாங்கள் தனியாக இறங்கலாமா? (களியக்காவிளை)

இறங்கலாம். ஆனால் பணம் கட்டும்போதே பேசி முடித்துவிடுங்கள். கடைசியாக இறங்கி ஆறு மாதம் தாண்டியிருந்தால் முதல் டைவை வழிகாட்டியோடு போவதே நல்லது. குதிக்கும் முன் எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் என்று படகோட்டும் ஸ்ராங்கிடம் சொல்லிவிடுங்கள். திரும்பி ஏறியதும் தலையெண்ணும் பட்டியலில் உங்கள் பெயரைக் குறித்தார்களா என்று பாருங்கள். சொன்ன நேரத்தைத் தாண்டினால், ஆடும் படகில் டீசல் புகைக்குள் மற்ற எட்டுப் பேர் காத்துக் கிடப்பார்கள்.

சிலிண்டரில் காற்றழுத்தம் எத்தனை பார் இருக்கும்போது திரும்ப வேண்டும்? ஐம்பது என்கிறார்களே. (மார்த்தாண்டம்)

ஐம்பது என்பது டைவ் முடித்துப் படகில் ஏறும்போது மிஞ்ச வேண்டிய அளவு. திரும்பும் கணக்கு வேறு. 15 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் 2.5 மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு அங்கே 50 லிட்டர் போகும். 11 லிட்டர் சிலிண்டரில் அது நிமிடத்துக்கு 4.5 பார். நங்கூரக் கயிற்றடிக்கு வரும்போது 80 பார் இருக்கட்டும். துணைவரின் காற்று நின்றால் ஒரே சிலிண்டரில் இருவர் மூச்சு வாங்க வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு இரட்டிப்பு இழுக்கும். 200-ல் தொடங்கினால் மிஞ்சும் 120-ஐ இரண்டாகப் பிரியுங்கள்: 140-ல் திரும்புங்கள். இருவரில் யாருடைய அழுத்த மீட்டர் முதலில் 140 காட்டுகிறதோ, அவர் சொல்வதே முடிவு. அடித்தளத்தில் சுமார் 26 நிமிடம் கிடைக்கும், நிதானமாகப் பாறை இடுக்கெல்லாம் பார்க்க அது தாராளம்.

மேலே வந்தபோது படகு தூரத்தில் கிடந்தது. நீந்திச் சேர்வதற்குள் மூச்சு முட்டியது. (பாறசாலை)

நீவாட்டை (நீரோட்டத்தை) எதிர்த்துத் தொடங்கியிருந்தால் திரும்பும்போது அதுவே உங்களைச் சேர்த்திருக்கும். இறங்கியதும் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மிதக்கும் துகள் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். விலகிவிட்டால் எதிர்நீச்சல் வேண்டாம்: மேலே வரும் வழியில் 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கும்போதே அடையாள மிதவையை விடுங்கள். விழிஞ்சம் வள்ளங்கள் ஓடும் கடல் இது, தலை தெரியும் முன் மிதவை தெரிய வேண்டும். மிதவையின் நூல் சுற்றிய ரீலைக் கையில் பிடியுங்கள், நீங்கள் போட்டிருக்கும் காற்றுச் சட்டையில் மாட்டாதீர்கள். நூல் சிக்கினால் மிதவை உங்களையும் மேலே இழுத்துவிடும். மேலே வந்ததும் அந்தச் சட்டையில் காற்று நிரப்பி, இருவரும் ஒட்டியே மிதந்து விசில் ஊதுங்கள். படகு வரும்.

டைவ் முடித்து மாலையே பொன்முடி போகலாமா? (நெய்யாற்றின்கரை)

வேண்டாம். அது 1,000 மீட்டருக்கு மேல். உயரே அழுத்தம் குறையும், உடலில் கரைந்த நைட்ரஜனுக்கு விமானமும் மலையும் ஒன்றே. ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம் பொறுங்கள், இரண்டு என்றால் 18. மலையை முதல் நாள் பார்த்துவிட்டுக் கடலுக்கு வாருங்கள்.