இறந்த பிறகு ஆராய்ந்து என்ன பயன்?

கேள்வி: அமெரிக்காவின் பல கவுன்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளில்), போதைப்பொருள் அளவு மீறியதால் நேரும் மரணங்களை ஒரு குழு கூடி ஆராய்வதாகப் படித்தேன். பிரேதப் பரிசோதனையும் காவல்துறை விசாரணையும் இருக்கும்போது இது எதற்கு?

பதில்: பிரேதப் பரிசோதனை எந்தப் பொருள் உயிரைப் பறித்தது என்று சொல்லும், காவல்துறை அதை விற்றவரைத் தேடும். இறந்தவர் முந்தைய மாதங்களில் எந்தெந்தக் கதவுகளைத் தட்டினார், உதவி எங்கே நழுவியது என்பதை இரண்டுமே பெரும்பாலும் கேட்பதில்லை. மருத்துவர், சிறை அலுவலர், சிகிச்சை மையத்தினர், சுகாதாரத் துறையினர் ஆகியோர் ரகசியம் காக்கும் உறுதியோடு ஒன்றாக அமர்ந்து, யார்மீதும் பழி சுமத்தாமல் (இதுதான் கடினம்) தத்தம் பதிவேடுகளை ஒப்பிடும்போதுதான் அது புலப்படுகிறது. சிறையில் கழித்த காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுவதால், விடுதலையான முதல் சில வாரங்களில் பழைய அளவே உயிரைக் குடித்துவிடும்; அத்தகைய மரணங்கள் திரும்பத் திரும்பத் தென்பட்டால், விடுதலையாகும்போதே, ஓபியாய்டு எனப்படும் அபின் வகைப் போதைப்பொருள்களின் விளைவை முறிக்கும் நலோக்சோன் மருந்தைக் கையில் கொடுத்தனுப்புமாறு குழு பரிந்துரைக்கலாம். அதை நிறைவேற்றும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்காவிட்டால் கூட்டம் வீண் என்பதே என் கருத்து. ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகளால் அடங்கும் மூச்சை மீட்கும் நலோக்சோன் மூக்குத் தெளிப்பானை மருந்துச் சீட்டின்றி விற்க அங்கே 2023இல் அனுமதி வழங்கப்பட்டது.